ஆபீசர் என்று டைப் அடித்தேன்

இது நடந்தது எண்பதுகளின் நடுவில். அப்போது நாங்கள் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேகத்தில் அந்தத் தெருவிலேயே என்னை அடிக்க ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. நடந்த கூத்துக்கெல்லாம் அந்தத் திமிரும் ஒரு காரணம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில், ஒரு சீனர் நடத்திய பட்டறையில் வேலை பார்த்தார். டூல் மேக்கர். பிஸ்கட் டின் மூடி, விளக்கின் மூடி, விசிறியின் இறக்கை இவற்றையெல்லாம் தகட்டிலிருந்து ஒரே அடியில் அடித்து எடுக்கிறார்களே, அதற்கு வேண்டிய இரும்பு அச்சைச் செய்கிறவர். ஒரு தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு பிசகினாலும் அச்சு குப்பைக்குப் போகும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் நகத்துக்குள் இருக்கும் கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது என்பது மட்டும்தான்.

எங்கள் இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகப் பேனா பிடித்தே பிழைத்தவை. ரயில்வேயில் கிளார்க், தபால் கந்தோரில் கிளார்க், ஆஸ்பத்திரியில் ஹெட் கிளார்க் என்று வரிசையாகச் சொல்லலாம். அதில் இவர் மட்டும் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனவர். கல்யாணம் பேசியபோது தரகர் இதை அழகாகச் சுற்றி, "இன்ஜினியரிங் கம்பெனியில ஆபீசர்" என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி முதல் வாரம் துணி துவைக்கும்போது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எந்த ஆபீசரின் சட்டைப் பையில் இரும்புச் சுருள் கிடக்கும்? கேட்டதும் அவர்தான் திகைத்துப் போனார். "உமக்கு அவையள் சொல்லேல்லையே?" என்றார் பாவம்.

மனுஷன் தங்கமானவர். சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். தினமும் காலையில் ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஃபெர்ரி ஏறி, பட்டறையில் போய் மாற்றிக்கொண்டு, மாலையில் மறுபடியும் வெள்ளைச் சட்டையில் ஆபீசராக வீடு திரும்புவார். எண்ணெய்ப் பிசுக்கான உடுப்பு பைக்குள் வரும். அதை நான் வெளிக்கொடியில் போடாமல் குளியலறைக்குள்ளேயே காயவைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா, "உங்கட மிஸ்டர் எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டால், "இன்ஜினியரிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். இப்படியே ஒன்பது வருடம் ஓட்டினோம்.

அந்த வருடம் தொழிற்சாலைகளிலெல்லாம் வேலை குறைந்தது. பட்டறை வாரத்துக்கு மூன்று நாள்தான் திறந்தது. அந்த நேரம் பார்த்து மெல்போர்னிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் கணவரிடம் தொழில் பழகி, இரண்டு வருடம் முன்பு அங்கே குடியேறியவர். அண்ணே, இங்கே நம் தொழில் தெரிந்த ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் வந்துவிடுங்கள் என்று நாலு பக்கம் எழுதியிருந்தார். அங்கே அவர் பிடிக்கும் மெஷினின் படம் ஒன்றும் கூடவே இருந்தது. என் கணவர் அந்தப் படத்தைப் பார்த்த மாதிரி, பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூடப் பார்த்ததாக ஞாபகமில்லை. அப்படி ஒரு ஆசை மனுஷனுக்கு.

படிவங்களை வரவழைத்தோம். "கொண்டாங்கோ, இதெல்லாம் என்ர வேலை" என்று நான் வாங்கிக்கொண்டேன். டைப்பிஸ்ட் வீட்டில் இருக்கும்போது இன்னொருவரிடம் போய் நிற்பதா?

மதிய இடைவேளையில் அலுவலக மெஷினில் தாளைச் செருகி அடித்துக்கொண்டே வந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் விறுவிறு என்று போயிற்று. 'தொழில்' என்ற கட்டம் வந்ததும் என் விரல் நின்றது. பிரதிகளில் சான்றொப்பம் வாங்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர்தான் போடலாம். எங்களுக்குத் தெரிந்த அப்படிப்பட்டவர் என் அக்காவின் கணவர். அவர் பார்த்தால் அக்கா பார்த்த மாதிரி. அக்கா பார்த்தால் எங்கள் உறவு முழுக்கப் பார்த்த மாதிரி.

'உதவி நிர்வாக அதிகாரி' என்று அடித்தேன்.

அடித்ததோடு விட்டேனா? முதலாளியின் கடிதமும் வேண்டுமே. அதையும் நானே அடித்தேன். ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், கோப்புகளைத் திறம்படப் பராமரிப்பவர். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் கடிதம் இப்படித்தான் இருக்கும். மனுஷன் என்ன வேலை செய்தார் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். பட்டறைத் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, ஆங்கிலம் வாசிக்க வராது. தாளை வாங்கிக்கொண்டு போய், மறுநாளே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தனுப்பினார்.

என் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவருக்கு ஆங்கிலம் பத்திரிகைத் தலைப்பு வாசிக்கிற அளவுக்குத்தான் வரும் என்பது என் கணிப்பு. "எங்க போடவேணும்?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். போட்டார். சரி, ஆஸ்திரேலியாக்காரனும் ஆபீசர் என்றால் மரியாதையாகக் கூப்பிடுவான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே பத்தி. இந்த வேலைக்கு எங்கள் நாட்டில் ஆள் தேவையில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோப்பு பராமரிக்க அவர்களிடம் ஆள் இல்லையா என்ன?

நான் வாசித்துச் சொன்னதும் அவர், "போகட்டும் லா" என்றார். அன்று சாயந்தரம் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார், கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார், சிரித்து விளையாடினார். ஆனால் அதற்குப் பிறகு மெல்போர்ன் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. மெஷின் படம் அலமாரியில் பிள்ளைகளின் பழைய புத்தகங்களுக்கு அடியில் போய்விட்டது. அதை ஒருநாள் தூசி தட்டும்போது பார்த்தேன். எடுத்துத் துடைத்து மறுபடி அங்கேயே வைத்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் மெல்போர்ன் தம்பியிடமிருந்து மறுபடியும் கடிதம். அண்ணே, உங்களை எப்படி வேண்டாம் என்றார்கள்? உங்களிடம் பழகின என்னையே ஒரு வருடத்தில் எடுத்தார்களே, விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள்? அதைக் கணவர் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காத மனுஷனிடம் எதைச் சமாளிக்க?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போட்டு உடைத்தேன். "இஞ்சருங்கோ, நான்தான் கெடுத்தனான். நீங்கள் டூல் மேக்கர் எண்டு எழுதேல்லை. ஆபீசர் எண்டு எழுதிப்போட்டன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. என்ன நினைப்பாரோ, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரி. அப்ப திரும்ப எழுதுவம். இந்த முறை வந்து பாத்திட்டு எழுதும்" என்றார். பிறகு ரசம் கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு பெண் இப்படி அழுகிறாள், இவருக்கு ரசம்!

ஆனால் அவர் சொன்னபடி செய்தேன். அடுத்த சனிக்கிழமை, கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, என் கணவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். கையில் சுருக்கெழுத்து நோட்டுப் புத்தகம்.

தகரக் கூரை. காது கிழிகிற சத்தம். தவுக்கே எனக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, பிளாஸ்டிக் பையில் கோப்பி ஓ, அதாவது பால் விடாத கோப்பி, வாங்கித் தந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் மூக்கை மறந்துவிட்டேன். வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் பத்து தடவை "பிறகு பிறகு" என்கிற மனுஷன், இங்கே வேறு ஆள். மெஷினின் சத்தத்தைக் காதால் கேட்டே கத்தி தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தார். அளவுக்கருவியை வைத்துப் பார்க்கும் முன்பே, பெருவிரலால் தடவி, "இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றார். வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கிடந்தது. மற்ற ஆட்கள் மலாய்க்காரரும் சீனரும் ஆளுக்கொரு சிக்கலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். எங்கள் அலுவலகத்தில் வழக்கறிஞர் முன்னால் கட்சிக்காரர்கள் நிற்பார்களே, அதே மாதிரி.

தவுக்கே என் பக்கத்தில் குனிந்து மலாயில் சொன்னார். "தாங்ஙான் டியா, மகால்." அந்தக் கைகள் விலைமதிப்பானவை என்று அர்த்தம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. ஒன்பது வருடமாக நான் மறைத்து வைத்தது இதையா?

மூன்று சனிக்கிழமை போனேன். எந்த மெஷின், அதில் என்ன வேலை, எத்தனை வருடப் பழக்கம், வரைபடம் பார்த்துச் செய்வாரா, செய்ததை யார் சோதிப்பார் என்று நோட்டு முழுக்க எழுதினேன். புதிய கடிதத்தில் ஒழுக்கமும் இல்லை, நல்ல குடும்பமும் இல்லை. செய்த வேலை மட்டும் மூன்று பக்கம். இதை மட்டும் தவுக்கே உடனே கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று நாலு நாள் இழுத்தார். எனக்குக் காரணம் புரியவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன் விண்ணப்பித்ததுண்டா, விவரம் என்ன? முதல் தடவை ஆபீசர், இரண்டாம் தடவை டூல் மேக்கர் என்றால் எவன் நம்புவான்? ஒன்று பொய் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எது பொய் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அதனால் தனியாக ஒரு கடிதம் வைத்தேன். முதல் விண்ணப்பத்தை அடித்தது அவருடைய மனைவியாகிய நான், அந்தப் பதவியை இட்டுக்கட்டியதும் நான், என் கணவருக்கு இதில் பங்கில்லை, அவருக்கு ஆங்கிலம் போதாது, வாசிக்காமல் கையெழுத்திட்டார். ஒரு தவறில்லாமல் அடிக்கிற எனக்கு அந்த ஒரு பக்கத்துக்கு ஆறு தாள் வீணானது. சான்றொப்பத்துக்கு அக்கா வீட்டுக்கும் போனேன். அத்தான் 'டூல் மேக்கர்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு முத்திரை குத்தினார்.

சில மாதங்களில் தகவல் வந்தது. பினாங்கில் விண்ணப்பித்த தொழிலாளர்கள் சிலரைப் பார்க்க, தொழில் தெரிந்த தேர்வாளர் ஒருவர் நேரில் வருகிறார். உங்கள் பட்டறைக்கே வருவார், கடிதம் எழுதிய மனைவியும் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை வாசித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வந்தவர் ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த முகம். பட்டறைக்குள் வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார். முழங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். இவரும் மெஷின் பிடித்த ஆள்தான் என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். தவுக்கேயின் சின்ன அறையில் உட்கார்ந்தோம். அவர் மேசையில் இரண்டு விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

முதலில் என்னைக் கேட்டார். நான் எழுதியிருந்ததையே சொன்னேன். என் கணவருக்குத் தெரியாது, வாசிக்காமல் போட்டுவிட்டார், குற்றம் முழுக்க என்னுடையது. அவர் தலையாட்டிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். இதை வாசிக்காமலா கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டார்.

என் கணவர் அந்த முதல் விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு, "நோ சார். ஐ ரீட்" என்றார்.

இந்த மனுஷன் என்ன சொல்கிறார்? வாசித்தாரா? வாசித்துவிட்டா போட்டார்? தெரிந்தே பொய்யில் கையெழுத்துப் போட்டேன் என்று அதிகாரியிடமே சொல்கிறாரே, எல்லாம் போயிற்று, இனி மெல்போர்ன் கனவிலும் கிடையாது. மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் அசையவில்லை.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். பொய் என்று தெரிந்தும் ஏன் போட்டாய் என்றார்.

என் கணவர் கொஞ்சம் யோசித்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னார். "மை வைஃப் லைக் ஆபீஸ் ஜாப், சார். ஐ லைக் மை வைஃப்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர முடியவில்லை. கண்ணீர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. ஆசைப்பட்ட நாடு கைவிட்டுப் போகும் என்று தெரியாமல் போட்ட கையெழுத்தாக இருக்கலாம். ஆனால், தான் செய்கிற தொழிலை, தன் இருபது வருட உழைப்பை, மனைவி படிவத்தின் ஒரு கட்டத்தில் அழித்திருக்கிறாள் என்று தெரிந்தே போட்ட கையெழுத்து. ஒரு வார்த்தை கேட்காமல் போட்டது.

திடீரென்று தேர்வாளர் சிரித்தார். வாய்விட்டு, மேசை ஆடுகிற மாதிரி சிரித்தார். தன் மாமியாரைப் பொறுத்தவரை தானும் இன்னும் இன்ஜினியர்தான் என்றார். தவுக்கேக்கு என்ன விஷயம் என்று புரியாவிட்டாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு தேர்வாளர் முகத்தைத் திருத்திக்கொண்டு, கண்டிப்பான குரலில், இரண்டு பேரும் செய்தது தவறு, அதை எழுதத்தான் செய்வேன் என்றார். ஆனால் நான் வந்தது பேச்சைப் பார்க்க அல்ல, கையைப் பார்க்க. எழுந்திரு.

பையிலிருந்து இரண்டு இரும்புக் கட்டிகளையும் ஒரு வரைபடத்தையும் எடுத்துக் கொடுத்தார். ஒரு கட்டியில் சதுரமாக ஓட்டை போட வேண்டும். மற்றதைச் சதுரமாக்கி அந்த ஓட்டையில் பொருத்த வேண்டும். மெஷின் கூடாது, அரம் மட்டும்தான். நான் மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து மணிக்குத் தொடங்கினார். நான் முக்காலியில் உட்கார்ந்து, தெரிந்த தேவாரத்தையெல்லாம் வாய்க்குள் சொல்லி முடித்துவிட்டேன். தவுக்கே நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். சாப்பாட்டு நேரத்தில் பொட்டலம் வாங்கி வந்து நீட்டினேன். என் கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரத்தால் இழுப்பார், விரலால் தடவுவார், மறுபடி இழுப்பார். நடுவில் ஒருதரம் மட்டும் என்னைப் பார்த்து, "காலை நல்லா மிதிச்சுப்போட்டீர்" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

மூன்று மணிக்குத் தேர்வாளர் வந்தார். சதுரத்தை ஓட்டையில் வைத்தார். தள்ளாமல், தட்டாமல், அதன் பாட்டுக்கு வழுக்கி உள்ளே போய் நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியவில்லை. வெளியே எடுத்து, ஒரு பக்கம் திருப்பிப் போட்டார். பொருந்தியது. இன்னொரு பக்கம். பொருந்தியது. நாலு பக்கமும் போட்டுப் பார்த்தார், தலைகீழாகவும் போட்டுப் பார்த்தார். பட்டறையில் மெஷின்களெல்லாம் தானாக நின்றிருந்தன. எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார். என் கணவர் கையில் இருந்த கரியைக் கால்சட்டையில் துடைக்கப் போனார். துடைக்க வேண்டாம் என்று பிடித்து நிறுத்தி, அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார்.

ஃபெர்ரியில் திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன் அண்டைக்கே என்னட்டக் கேக்கேல்லை? ஏன் இப்பிடிச் செய்தனீர் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னத்தைக் கேக்கிறது? நீர் ஆசைப்பட்டுக் கட்டினது ஆபீசரை. தாளிலையாவது இருக்கட்டும் எண்டு விட்டன்."

அங்கேயே, அத்தனை பேர் முன்னால், நான் அவருடைய கரி பிடித்த கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அக்கரையில் பாகான் துறையிலிருந்து தீவுக் கரை வரும்வரை விடவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் யாரும் வெளியில் அப்படிச் செய்ய மாட்டார்கள். எதிரில் இருந்த ஒரு பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பினால் திருப்பட்டும்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அவர் வீட்டில் இருந்த நாள். ஒன்பது வருடத்தில் என் அலுவலகத்துக்கு ஒருமுறைகூட ஃபோன் செய்யாதவர், கோப்பிக் கடையிலிருந்து கூப்பிட்டு, "கிடைச்சிட்டுது" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் உள் அறையிலிருந்து வழக்கறிஞர் ஓடி வந்துவிட்டார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம்.

தவுக்கே பட்டறையிலேயே விருந்து வைத்தார். மெஷின்களுக்கு நடுவில் மேசை போட்டு, மீனும் கோழியும் மீகூன் சேமியாவும். சாப்பிட்டு முடித்துத்தான் மனுஷன் ஒரு ரகசியத்தைச் சொன்னார். என் முதல் கடிதத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் வாசிக்கக் கொடுத்தாராம். ஆபீசர், கோப்பு என்றெல்லாம் இருந்ததாம். இப்படி எழுதினால் இவனை எவனும் எடுக்க மாட்டான், என் ஆள் என்னிடமே இருப்பான் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாராம். இரண்டாவதில் எல்லாம் சரியாக இருந்ததால்தான் நாலு நாள் மனம் வரவில்லையாம். சொல்லிவிட்டு என் கணவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் மீன் வைத்தார்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஆபீசர் இல்லை, அக்கா, பட்டறையில் அச்சுச் செய்கிறவர், அந்த வேலைக்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. அக்கா வெற்றிலைத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "உன்ர கலியாண வீட்டில அவர் கை நனைக்கேக்கையே எனக்குத் தெரியும். ஆபீசரின்ட நகம் அப்பிடி இருக்குமே?" என்றாள். ஆக, ஊரையெல்லாம் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நான் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புறப்படும் முன் மருத்துவப் பரிசோதனைக்கு இன்னொரு படிவம் வந்தது. வீட்டுக்கு இரவல் மெஷின் கொண்டுவந்து அடித்தேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு நின்றார்கள். தொழில் என்ற கட்டம் வந்ததும், "என்ன போட?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"உமக்கு விருப்பமானதைப் போடும்" என்றார், கண்ணில் சிரிப்போடு.

அன்று நான் 'டூல் மேக்கர்' என்ற சொல்லை அடித்த அடியில் கீழே இருந்த மூன்று கார்பன் பிரதியிலும் அது கறுப்பாக விழுந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ படிவம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணத்துக்கு என்று நிரப்பிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தில் அவர் தொழிலை எழுதும்போது, நான் வெட்கப்பட்ட ஒன்பது வருடமும் என்னைப் பற்றி வெட்கப்படாமல் ஒரு மனுஷன் என்னோடு வாழ்ந்திருக்கிறார் என்ற நினைப்பில் மனம் நிறைந்துபோகிறது.